அண்ணியின் சாயங்காலச் சாப்பாடு

இருமலுக்கு நண்டு ரசம் நல்லது என்று ஒரு நயினார் வீட்டு மருமகளிடம் சொல்லும் தைரியம் கிளியம்மாளுக்குத்தான் வரும்.

"ரெண்டு நண்ட தட்டிப் போட்டு, மொளகு பூண்டு வச்சி, கொதிக்கக் கொதிக்க ஒரு டம்ளர் உள்ள வுடு ரத்னாக்கா. நெஞ்சுல கீற சளி அல்லாம் பிச்சிக்கினு ஓடிடும்," என்றாள்.

மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து திண்டிவனத்தில் விற்றுவிட்டு, திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு முன்னால் எங்கள் கடையில் கால் நீட்டி உட்கார்ந்து போகிறவள் அவள். காலிக் கூடையை எதிர்ப்பக்கத்து டீக்கடை ஓரம் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். எங்களுக்கு மீன் வாடை ஆகாது என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவளாகவே செய்கிறாள்.

நாங்கள் ஜைனர்கள். செஞ்சிப் பக்கத்து ஊர்களில் எங்களை நயினார் என்பார்கள். முட்டைகூடத் தொடமாட்டோம், தேனும் கிடையாது. இருமலுக்குத் தேன் குழைத்துச் சாப்பிடச் சொல்லி வந்தவர்கள் எல்லோரையும் நான் கடிந்து அனுப்பியிருக்கிறேன். நண்டைச் சொன்னவளை என்ன செய்வது என்று தெரியாமல் அண்ணியைப் பார்த்தேன். என் அண்ணி ரத்னமாலா சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. கண்ணில் நீர் வர இருமி முடித்துவிட்டு, "கிளி, அந்த நண்டு உன்ன இன்னா பண்ணிச்சு? அது பாட்டுக்குக் கடல்ல கெடக்கட்டும், நான் பாட்டுக்கு இருமிக்கினு கெடக்கறேன்," என்றாள்.

அதுதான் என் அண்ணி. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் நைட்டி, உள்பாவாடை, ஜாக்கெட் பிட் விற்கும் கடை அவளுடையது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வருகிறவளின் இடுப்பளவு அவளுக்குத் தெரிந்துவிடும். ஒருத்தி சின்ன அளவு கேட்டால், பெரிய அளவை எடுத்து வைத்து, "இது துவைச்சா சுருங்கும் கண்ணு," என்பாள். துணி சுருங்காது. வந்தவளின் மானம் சுருங்கக் கூடாது என்பதுதான் அவள் கணக்கு.

நான் அவளுக்கு நாத்தனார், பெயர் ப்ரியதர்ஷினி. நாத்தனார் என்றால் ஊரில் என்னென்ன சொல்வார்கள் என்று எனக்கும் தெரியும். என் புருஷன் இறந்துபோய், நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தபோது, வந்தவர்கள் எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அண்ணி மட்டும் அழவில்லை. இரண்டாவது வாரம், "அழுது முடிச்சியா? கடைக்கு வா. தனியா மடிச்சி மடிச்சி எனக்குக் கை நோவுது," என்றாள். அன்றைக்குப் போனவள்தான், இன்னும் மடித்துக்கொண்டிருக்கிறேன்.

மடிக்க மட்டும்தான் நான் லாயக்கு. அலமாரி முழுக்கப் பிரித்துப் போடவைத்துவிட்டு ஒருத்தி "அப்புறம் வர்றேன்" என்றால், அண்ணி "வாம்மா, நிதானமா வா" என்பாள். நான் "எதுக்கு வர்றீங்க?" என்பேன். கல்லாவில் என்னை உட்காரவைத்தால் கடை ஒரே மாதத்தில் பூட்டிக்கொள்ளும் என்று என் அண்ணன் சுமதிகுமாரே சொல்வார். மல்லாட்டை கமிஷன் மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளுக்கு விலை பேசுகிறவர், அவருக்கு வியாபாரம் தெரியும்.

அண்ணிக்குச் சாப்பாடு என்றால் உயிர். கல்யாண வீட்டில் முதல் பந்தி. இலையில் எது எங்கே வரும் என்று பரிமாறுகிறவனுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். அப்படிப்பட்டவளின் நாக்குக்கு அடியில், தொண்டைப் பக்கமாக, கட்டி வந்தது. வெற்றிலைகூடப் போட்டறியாதவள். கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் "புகையிலை போடுவாங்களா?" என்று கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஊசி மருந்து ஏற்றினார்கள், கழுத்துக்குக் கரண்ட் என்று சொல்லும் கதிர்வீச்சு வைத்தார்கள். கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது, எச்சில் வற்றிப்போனது. வாயால் ஒன்றும் இறங்காமல் மூக்கில் குழாய் விட்டு, அதன் வழியாகக் கஞ்சி ஊற்றினார்கள்.

அதிலும் ஒரு கூத்து. எங்களில் வயதானவர்கள் பலர் பொழுது சாய்ந்தபிறகு சாப்பிடமாட்டார்கள். இருட்டில் கண்ணுக்குத் தெரியாத உயிர் எதுவும் உணவோடு போய்விடக் கூடாது என்பதற்காக. தண்ணீர் குடிப்பார்கள், சாப்பாடு கிடையாது. நாற்பது வயதில் மேல்சித்தாமூர் மடத்துக்குப் போய் அண்ணி அந்த விரதத்தை ஏற்றுக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ராத்திரி எட்டு மணிக்குக் கஞ்சிக் கோப்பையோடு வந்தால், அண்ணி குழாயின் வாயைக் கட்டைவிரலால் மூடிக்கொள்வாள். பேச முடியாது, விரலையும் எடுக்கமாட்டாள். அந்த நர்ஸ் என்னைத் திட்டிவிட்டுப் போவாள்.

கட்டி கரைந்தது, குழாயும் போனது. ஆனால் இருமல் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு வருஷமாகப் போகவில்லை. பகலில் அவ்வளவு இல்லை. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் ஆரம்பித்தால் படுக்கிறவரை. நாங்கள் பனி என்று நினைத்தோம். அண்ணன் கழுத்துக்கு மப்ளர் வாங்கிவந்தார். நான் துணிப் பஞ்சு பறக்கிறது என்று கடையைத் தினமும் ஈரத்துணியால் துடைத்தேன். கொரோனா வந்துபோனபிறகு இருமுகிறவரை ஜனங்கள் பார்க்கும் பார்வையே வேறு. ஒருத்தி குழந்தையை இழுத்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தாள். அண்ணி ஆறுதலாக, "பயப்படாத கண்ணு, கேன்சர்தான், ஒட்டிக்காது," என்றாள். அவள் இன்னும் வேகமாகப் போனாள். அதைச் சொல்லிச் சொல்லி அண்ணி ஒரு வாரம் சிரித்தாள், ஒரு வாரம் இருமினாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் சிரிக்கமாட்டாள். யார் முன்னாலும் சாப்பிடமாட்டாள். விழுங்கும்போது சத்தம் வரும், சில நேரம் உதட்டோரம் வழியும், துப்பவும் வேண்டியிருக்கும். கல்யாணங்களுக்குப் போய் ஆசீர்வாதம் செய்துவிட்டு, பந்திப் பக்கம் திரும்பாமல் வந்துவிடுவாள். மத்தியானம் வீட்டில் எல்லோரும் வெளியே போனபிறகு தனியாகச் சாப்பிடுவாள். சாயங்காலம் கடையில், ஜாக்கெட் போட்டுப் பார்ப்பதற்காகக் கட்டிய திரைக்குப் பின்னால். முன்பெல்லாம் நானும் அவளும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். இரண்டு வருஷமாக அவள் ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. எனக்கு அது வலித்தது. சண்டையாகவே கேட்டேன். "உனக்கு வேற வேல இல்லியா?" என்று முடித்துவிட்டாள்.

இருமலோடு காய்ச்சல் வந்து ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்தாள். சில மாதத்தில் மறுபடியும். கட்டிதான் திரும்பிவிட்டதென்று அண்ணன் வராண்டாவில் உட்கார்ந்து விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர், பழைய நோய் திரும்பவில்லை, சாப்பாடு தடம் மாறி நுரையீரலுக்குள் போகிறது என்றார். இன்னொரு தடவை இப்படி வந்தால் வாய்வழிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, வயிற்றில் துளை போட்டு நிரந்தரமாகக் குழாய் வைக்கவேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அதற்கு முன்னால் விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண் இருக்கிறாள், பார்த்துவிடுங்கள் என்று தேதி கொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கிளியனூர் தாண்டியபிறகு என் கையைப் பிடித்தாள். "அந்த டியூபு மட்டும் வேணாம் ப்ரியா. செத்தாலும் பரவால்ல, வாயால ஒரு வாய் துன்னுட்டுச் சாவறேன்." வாயைத் திறந்தால் வம்பு பேசுகிற எனக்கும் பயம்தான். அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

விழுங்கப் பயிற்சி கொடுக்கும் பெண்ணின் பெயர் பரிமளா. வீட்டில் சாப்பிடுவதையே கொண்டுவரச் சொல்லியிருந்தாள். கேப்பைக் கூழை டப்பாவில் ஊற்றிக்கொண்டு போனோம். மார்கழி மாதம். மூன்று மணிக்கு வரச்சொன்னார்கள், கூட்டம் காரணமாகக் கூப்பிட்டபோது ஐந்தேகாலுக்கு மேல் ஆகிவிட்டது. அண்ணி ஜன்னலையும் கடிகாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெனமும் சாயங்காலம் எப்படிச் சாப்பிடுவீங்களோ, அப்படியே சாப்பிட்டுக் காட்டுங்கம்மா," என்றாள் பரிமளா.

அண்ணி கூச்சத்தோடு என்னைப் பார்த்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூடி திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு மடக்மடக்கென்று தண்ணீர் குடிக்கும் சத்தம். என்னடா இது என்று திரும்பினேன். நான் கரைத்துக் கொடுத்த கூழில் அவள் மறுபடியும் தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்திருந்தாள். டப்பாவைக் கவிழ்த்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, டப்பா காலி. உடனே இருமல். முகம் சிவந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

பரிமளா அவள் முதுகைத் தடவி, இருமல் அடங்கியபிறகு கேட்டாள்: "ஏம்மா, யாரு தொரத்தறாங்க உங்கள?"

அண்ணி வாயைத் துடைத்துக்கொண்டு ஜன்னலைக் காட்டினாள். அந்தப் பெண் நிஜமாகவே எழுந்து போய், வெளியே யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப்பார்த்தாள். மரங்களுக்குப் பின்னால் சூரியன்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

நான் விஷயத்தைச் சொன்னேன். நாலு மணிக்கு மேல் பஸ்ஸில் இறங்கும் பெண்களால் கடை நிறைந்துவிடும். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டும் ஆகவேண்டும். யாராவது "ரத்னாக்கா" என்று கூப்பிடுவதற்கு முன்னால், திரைக்குப் பின்னால், கடைசி ஐந்து நிமிஷத்தில் சாப்பிட்டாக வேண்டும். மெல்ல நேரம் கிடையாது, அதனால் குடித்துவிடுகிறாள்.

"இத ஏன் இத்தன நாளா டாக்டர்கிட்ட சொல்லல?"

"யாரும் கேக்கலியேம்மா," என்றாள் அண்ணி. பொய் இல்லை. நாங்கள் மூச்சு விடுகிறோம் என்று டாக்டரிடம் யாராவது சொல்வோமா? எங்கள் வீட்டில் பொழுதோடு சாப்பிடுவதும் அப்படித்தான். அண்ணனுக்கும் எனக்கும்கூட அது தோன்றவில்லை. மத்தியானம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடுகிறவளுக்குப் பகலில் ஏன் இருமல் இல்லை என்று ஒருநாளாவது யோசித்தோமா? பனியாம் பனி!

பரிமளா பொறுமையாக விளக்கினாள். தொண்டையில் சாப்பாட்டுக்கு ஒரு வழி, மூச்சுக்கு ஒரு வழி. கரண்ட் வைத்ததில் மூச்சுவழியை மூடுகிற தசை விறைத்துவிட்டது, மெதுவாகத்தான் மூடும். தண்ணியாக வேகமாகப் போவது அதற்குள் நுழைந்துவிடும். கூழ் கெட்டியாக இருக்கவேண்டும். சின்னச் சின்ன வாய். முகவாயை நெஞ்சில் தாழ்த்தி விழுங்கவேண்டும், அதே வாயை மறுபடி விழுங்கவேண்டும், லேசாக இருமி இன்னொருமுறை விழுங்கவேண்டும். நடுவில் பேச்சு கூடாது.

"அப்ப இருமல் பூடுமா?" என்று அண்ணி கேட்டாள்.

"முழுசாப் போவாதும்மா. அது உங்க நெஞ்சுக்குக் காவல். அது இருக்கறதாலதான் இவ்வளோ நாள் தாங்கியிருக்கீங்க. அதுக்கு வேலைய கம்மி பண்ணுங்க, போதும். ஏழு மணிக்குக் கடைய சாத்திட்டு நிதானமா சாப்பிடுங்களேன்."

அண்ணி சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி மறுத்தாள்.

பஸ்ஸில் நான் விடவில்லை. "சாமி கோச்சுக்கும்னு பாக்கறியா? ஒடம்பு சரியில்லாதவங்களுக்கு வெலக்கு உண்டுனு பெரியவங்களே சொல்லியிருக்காங்க. டியூபு வச்சிக்கினா மட்டும் சாமி கொண்டாடுமா?"

"சாமிக்கு இன்னா, அது பாட்டுக்கு நின்னுக்கினு இருக்குது. வார்த்த குடுத்தது நானு," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ருசி போச்சு. எச்சி போச்சு. கொரலு பாதி போச்சு. இந்த ஒடம்புல எதெதுவோ போயிடுச்சு ப்ரியா. இது ஒண்ணுதான் நான் வச்சிக்கினு இருக்கறது. இதையும் கேக்காத," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

நாலு மணிக்கே வீட்டுக்குப் போய்ச் சாப்பிடட்டும், கடையை ப்ரியா பார்க்கட்டும் என்றார் அண்ணன். பார்த்தேன். முதல்நாளே ஒரு டீச்சரம்மா என்னோடு சண்டைபோட்டுக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனாள். அரக்கு நிற உள்பாவாடை எங்கே என்று தெரியாமல் நான் அண்ணிக்குப் போன் செய்தேன். வாயில் கூழோடு அவள் பதில் சொல்லி, அங்கேயே புரையேறி, அன்றைக்கும் ராத்திரிவரை இருமல். அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

சரி, கடையிலேயே நாலு மணிக்கு ஆரம்பிக்கட்டும் என்று கெட்டிக் கூழும் மைய அரைத்த மல்லாட்டைத் துவையலும் எடுத்துப்போனேன். அண்ணி தட்டோடு திரைக்குப் பின்னால் போனாள். கடையில் நாலைந்து பேர். கிளியம்மாளும் இருந்தாள். "ரத்னாக்கா இல்லியா?" என்று ஒருத்தி கேட்டதும் உள்ளிருந்து "தோ வர்றேன்" என்று குரல் வந்தது, கூடவே இருமல். கல்லூரிப் பெண் ஒருத்தி துப்பட்டாவை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். திரைக்குப் பின்னால் கரண்டி தட்டில் இடிக்கும் சத்தம் கேட்டது. டக்டக்கென்று, வேகமாக. யாருக்கும் தெரியாமல் சீக்கிரம் முடித்துவிட்டு வெளியே வரப் பார்க்கிறாள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வயிற்றுக் குழாய்தான் என் கண்முன்னால் வந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போய்த் திரையைப் பிடித்து ஒரே இழு. ஸ்பிரிங் கம்பி, ஆணி, சுவர்க் காரை எல்லாம் சேர்ந்து கையோடு வந்தன.

அண்ணி ஸ்டூலில், கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டு, உதட்டோரம் கூழோடு, எல்லோர் முன்னாலும் உட்கார்ந்திருந்தாள். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள். ஆனால் வாயில் கூழ். பேச முடியாது.

"மொறைக்காத. மொதல்ல முழுங்கு. தலைய தாழ்த்தி முழுங்கு," என்று கத்தினேன். "உனக்கு மறுபடியும் டியூபு வச்சா நான் எங்க போவேன்? யாரோட ஒக்காந்து துன்னுவேன்?"

கிளியம்மாள்தான் எழுந்தாள். "இன்னாங்கடி பாக்கறீங்க? அது துன்றத பாக்காதீங்க, துணியப் பாருங்க," என்று சொல்லி, அருகில் கிடந்த நைட்டி ஒன்றை உதறி அந்தக் கல்லூரிப் பெண்ணின் தோளில் வைத்தாள். "ட்ரையல் பாக்கணும்னா சுடிதார் மேலயே போட்டுக்க. இன்னா இப்ப?"

அந்தப் பெண் துப்பட்டாவை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, நைட்டியைத் தலைவழியாகப் போட்டாள்.

அண்ணி முகவாயைத் தாழ்த்தினாள். விழுங்கினாள். மறுபடி விழுங்கினாள். லேசாக இருமி, இன்னொருமுறை. அடுத்த வாய் எடுத்துக்கொண்டே அந்தப் பெண்ணை ஒருபார்வை பார்த்தாள். தலையை ஆட்டி, அலமாரியின் இரண்டாவது தட்டைக் கையால் காட்டினாள். நான் அதிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், கச்சிதமாகப் பொருந்தியது. இன்னொருத்திக்குக் கீழ்த்தட்டு, அன்றைக்குச் சண்டைபோட்டுப் போய், திரும்பி வந்திருந்த டீச்சருக்கு மூலையில் உள்ள கட்டு. வாயைத் திறக்காமலே வியாபாரம் நடந்தது. வந்தவர்களும் தாங்களாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவள் விழுங்குகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்து, துண்டால் வாயைத் துடைத்தாள். நான் இருமலுக்குக் காத்திருந்தேன். இரண்டு செருமல், அவ்வளவுதான். அவள் வாசலைப் பார்த்தாள். எதிர்ச் சுவரில் மஞ்சள் வெயில் பாதிக்கு மேல் இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ப்ரியா, இன்னும் இருக்குதா?"

"இன்னாது?"

"கூழுதான்."

பாத்திரத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் மறுசோறு கேட்டதில்லை. நான் அளந்துதான் எடுத்துவந்தேன். காலிப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"நிக்கறா பாரு! ஓடு, ஜல்தி ஓடு, பொழுது பூடும்!" என்றாள் கிளியம்மாள்.

ஓடினேன். செருப்புக்கூடப் போடவில்லை. தெருமுனையில் ஆட்டோவை மறித்து, வீட்டில் அடுப்பைப் பற்றவைத்து, கேப்பை மாவைக் கிளறினேன். அண்ணன் மண்டியிலிருந்து வந்து, "யாருக்கு இன்னா ஆச்சு?" என்று பதறினார். "அண்ணி ரெண்டாவது தடவ கேக்கறா," என்றேன். மனுஷன் துவையல் கிண்ணத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு என்னோடு ஆட்டோவில் ஏறினார்.

நாங்கள் போனபோது வெயில் டீக்கடைப் பலகையின் மேல் ஓரத்தில் இருந்தது. கிளியம்மாளின் பஸ் போய்விட்டது. அவள் போகாமல் வாசலில் நின்று அந்த வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி கழுவிய தட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இரண்டு கரண்டி போட்டேன். அண்ணனைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினாள். பிறகு முகவாயைத் தாழ்த்தி, அவசரப்படாமல், அவர் எதிரிலேயே முதல் வாயை விழுங்கினாள். நான் துணிக்கட்டின்மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள். அண்ணி வாயில் கூழோடு என்னைப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போ, வாசலில் வந்தவளைக் கவனி என்று கையைக் காட்டினாள்.